அண்ணனின் மூச்சு

பெரகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில், வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்டாலே அபசகுனம் என்று சண்டை வந்துவிடும். பிள்ளை பெறப் போகிறவளின் காதில் சாவுப் பேச்சு விழ விடுவார்களா?

பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று பதுளை ஆஸ்பத்திரியில் என்னை அவசரமாக ஆபரேஷனுக்கு எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா என் அம்மாவிடம் கேட்டார். "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க ஊசி போட்டு பிரச்சினை வந்திருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

கேள்வி முடியும் முன்பே அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

பிறகு எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். பிள்ளை அழுதது. கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை அசையவில்லை, விரலும் அசையவில்லை. மூச்சைக்கூட ஏதோ மிஷின்தான் இழுத்து விட்டது. முழித்திருக்கிறேன் என்று உள்ளுக்குள்ளேயே கத்தினேன். அப்படியொரு பயத்தை நான் பட்டதே இல்லை. என் கண்ணோரம் நீர் வழிவதை டாக்டரம்மா கண்டிருக்கிறார். "பயப்படாதீங்க, பக்கத்துலயே இருக்கேன்" என்று காதருகே சொல்லி, மறுபடி தூங்க வைத்தார்.

சாயங்காலம் எழுந்தபோது விளக்கினார். தசையைத் தளர்த்தும் அந்த மருந்து மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் கரைந்துவிடுமாம். என் இரத்தத்தில் அதைக் கரைக்கும் சத்து இல்லை. தானாக மூச்சு வரும்வரை மிஷினை எடுக்காமல் வைத்திருந்ததால்தான் பிழைத்தேன்.

"இது பரம்பரையா வர்றது. சொந்தத்துல கட்டுனா கூடுதலா வரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மருந்து குடுத்திருப்பேன்."

அம்மா கட்டியது தன் தாய்மாமனை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நான் பிறக்கும் முன்பே இறந்த அண்ணன் காய்ச்சலில் போனான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது பொய் என்று அம்மா அப்போதுதான் சொன்னாள். வேறோர் ஊரில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து, மூச்சு மிஷினின் குழாயை எடுத்ததும் அவனுக்கு மூச்சு திரும்பவில்லையாம்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப அதச் சொன்னா ஒனக்கும் ஆகிருமோன்னு பயந்துட்டேன்டி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்றவளே எமனாக வரப் பார்த்தாயே என்று தையல் வலிக்க வலிக்கத் திட்டினேன். அம்மா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஒனக்கு எல்லாம் கேட்டுச்சுன்னியே. அப்ப மூத்தவனுக்கும் கேட்டிருக்குமா? என்னைய கூப்புட்டிருப்பானா?"

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"இல்லம்மா, அவன் தூங்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

"நீதான் அங்க இல்லையே" என்றாள் அம்மா.