அம்மா என் பெஞ்சில் உட்கார்ந்த பௌர்ணமி

எனக்கு இன்றைக்கும் ஒரு இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறவர்கள் என்னைச் சுறுசுறுப்பானவர் என்று அறிமுகப்படுத்துவார்கள். ஒன்பதாம் வகுப்பில் இதற்கு வேறு பெயர் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஒரு அரசுப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு பிரிவு மட்டும் இங்கிலீஷ் மீடியம். மாவட்டம் முழுக்கப் பரீட்சை வைத்துச் சலித்து எடுத்த பிள்ளைகள். டயர் கடை பாய் மகன், நாதஸ்வரக்காரர் மகன், ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் ஒரு அம்மாவின் மகன், கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் காட்டிலிருந்து நான். சமையல்கார அம்மாவின் மகன் மட்டும் இங்கிலீஷ் பேசுவான். அதுவும் ஜெர்மன்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் என்பதால் ஆசிரியர்களுக்குப் புரியாது. நான் எப்படித் தேறினேன் என்பது எனக்கும் பரீட்சை வைத்தவர்களுக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

பாடம் புரியாததால் பீரியடுக்கு இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போவேன். அந்த வருஷம் நான் சுயமாகப் பேசிய ஒரே ஆங்கில வாக்கியம், வெளியே போக அனுமதி கேட்பதுதான். அதை மட்டும் உச்சரிப்புச் சுத்தமாகப் பேசுவேன். குழாயடியிலிருந்து பார்த்தால் தமிழ் மீடியம் வகுப்பு தெரியும். எங்கள் ஊர்ப் பையன்கள் அங்கேதான் இருந்தார்கள். வாத்தியார் திட்டுவதுகூட அவர்களுக்குப் புரிந்தது. பொறாமையாக இருக்கும்.

புதிதாக வந்த ஹெச்.எம். ஒரு திட்டம் போட்டார். பாடம் புரியாத பிள்ளைகளைத் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பதற்கு முன்னால், பிள்ளை வகுப்பில் என்ன பாடு படுகிறான் என்று தெரிந்துகொள்ள, அவன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் கேட்க வேண்டும். நல்ல யோசனைதான். மனிதர் தெற்குக் கோடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாள் குறிக்கும்போது காலண்டரில் சனிக்கிழமையைப் பார்த்தாரே தவிர பௌர்ணமியைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடமோ செங்கம் சாலையில், கிரிவலப் பாதையின் மேலேயே இருந்தது. உள்ளூர் ஆசிரியர்களும் வாயைத் திறக்கவில்லை. வந்த புதிதிலேயே மேலதிகாரியைத் திருத்தினால் நன்றாக இருக்காது என்ற மரியாதைதான்.

மாறுவதில் எனக்கு முழுச் சம்மதம். அப்பாவுக்கும்தான். "எறக்கி வுடச் சொல்லு. இங்கிலீஷ் படிச்சிட்டு மல்லாட்டைகிட்டயா பேசப் போறான்?" என்று கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவளான அம்மா பெட்டியைத் திறந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பெற்றோர் பெஞ்சுகளில் உட்கார, பிள்ளைகள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். என் இடத்தில், மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரமாக அம்மா உட்கார்ந்தாள். அறிவியல் ஆசிரியர் ஒரு கண்ணாடி டம்ளரை மேசைமேல் வைத்து, அதன்மேல் அட்டையை வைத்து, அட்டைமேல் ஒரு காசை வைத்தார். இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் முதல் குடும்பம் உள்ளே வந்தது. நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால், கையில் மஞ்சள் பை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்புறம் இன்னொரு குடும்பம். பௌர்ணமிக்குப் பாதை நெடுக அன்னதானம் நடக்கும் ஊர் அது. கேட் திறந்திருந்து, உள்ளே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஹெச்.எம். பூரித்துப் போனார். "பெத்தவங்க எவ்வளவு அக்கறையா வந்திருக்காவ!" என்று பக்கத்திலிருந்த டிரில் மாஸ்டரிடம் சொன்னார். டிரில் மாஸ்டர் உள்ளூர்க்காரர். கூரையைப் பார்த்தார்.

ஆசிரியர் அட்டையைச் சுண்டினார். அட்டை பறந்தது. காசு மட்டும் டம்ளருக்குள் ணங்கென்று விழுந்தது. முன் பெஞ்சுவரை வந்துவிட்ட விபூதிப் பெரியவர் ஒருவர் பயபக்தியோடு எழுந்து வந்து, டம்ளரில் தன் பங்குக்கு ஒரு காசு போட்டுக் கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். ஆசிரியர் இங்கிலீஷை விட்டு வெளியே வர முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எலை எப்பங்க போடுவீங்க? சாம்பார் சாதமா, பொங்கலா?"

டயர் கடை பாய் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. சாப்பாடு இல்லை என்று தெரிந்து பாதி வகுப்பு எழுந்து போயிற்று. "இல்லன்னா முன்னாடியே சொல்லிடணும் சார், ஒரு எடம் கம்மியா போச்சு பாருங்க" என்று ஹெச்.எம்.மிடம் ஒருவர் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

இத்தனை அமர்க்களத்திலும் அம்மா தலையைத் திருப்பவில்லை. அசையவும் இல்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் ஹெச்.எம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"ஒங்க பையனுக்கு ஒண்ணும் வெளங்கலம்மா. ஒங்களுக்கே ஏதாவது வெளங்குச்சா?"

"ஒண்ணும் புரியலைங்க சார்."

என் மனசு குழாயடியைத் தாண்டி, தமிழ் மீடியத்தில் இடம் பிடித்து, பையையும் வைத்துவிட்டது.

"புரியாமத்தான் இம்மா நேரம் உக்காந்துனு இருந்தேன். எழுந்து ஓடலியே. அவனும் உக்காரட்டுங்க சார்."

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் அரை மணி நடை. ஆனால் கூட்டம் முழுக்க எதிரே வந்துகொண்டிருந்தது. கிரிவலத்தன்றைக்கு எதிர்த்தாற்போல் நடப்பதாவது! அம்மா கூட்டத்தோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். அரை மணி தூரத்துக்கு நாங்கள் மலையையே சுற்றினோம். அழாத குறையாகப் பின்னால் போனேன். பாதி வழியில் அம்மா கேட்டாள்.

"ஏன்டா, அட்டையச் சுண்டுனாரே, காசு ஏன் கூடவே போவல?"

"தெரியாதும்மா."

"இன்னாமோ பேரு சொன்னாரே. இனர்சா?"

"இனர்ஷியா."

"அப்டின்னா?"

தெரியாது என்றேன். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் மோட்சம் கிடைத்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பரீட்சை நடந்தது.

"திங்கக்கிழம கேட்டுனு வந்து சொல்லு."

கேட்டேன். ஆசிரியர் ஆச்சரியத்தில் தமிழிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். "சும்மா இருக்கிற பொருள், யாராவது தள்ளுற வரைக்கும் சும்மாவேதான் இருக்குமாம்மா. அட்டையத்தான் சுண்டுனாரு, காசச் சுண்டல" என்று வந்து ஒப்பித்தேன். அம்மா ஆடிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தாள். "உன்னாட்டம் இல்ல" என்றாள்.

அந்த வாரமே ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனபோது, அம்மா டம்ளர்மேல் பழைய கல்யாணப் பத்திரிகையை வைத்துச் சுண்டிக்கொண்டிருந்தாள். காசு தரையில் உருண்டது. என்னைப் பார்த்ததும் டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு அடுத்த கேள்வி தயாராகிறது என்று பயந்து, தாகத்தோடு திரும்பிவிட்டேன்.

ஹெச்.எம். அதற்கப்புறம் அந்த மாதிரிக் கூட்டம் வைக்கவேயில்லை. பட்டது போதும் என்றிருக்கும். பத்தாவது முடிகிறவரைக்கும் அம்மா அடிக்கடி கேட்பாள்.

"மீட்டிங் இன்னும் வெக்கலியாடா?"

"இல்லம்மா."

"கேட்டுப் பாரேன்."

என்னைப் பற்றி விசாரிக்கத்தான் இவ்வளவு அவசரம் என்று அப்போது நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடினேன்.