மாமா போட்ட புதுத் தரை

போன வாரம் எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. அடைக்க வந்தவர் ஒரு பழைய டப்பாவில் எதையோ ஊற்றிக் கலக்கினார். கீழே கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த என்னிடம் அந்த வாசனை படியிறங்கி வந்தது. நகப்பூச்சுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே நிற்கிற, தலையை லேசாகக் கிறுகிறுக்க வைக்கிற வாசனை. உங்களுக்குப் பிடிக்காது. நானோ கத்தியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வாசனை எனக்குப் பழக்கமான காலத்தில் நான் கடலூரில், உப்பனாற்றங்கரையில் அக்கா வீட்டில் இருந்தேன். வேலை சிதம்பரத்தில், கீழ வீதிப் பக்கம் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது. ஒரு முறை மணமகன் இருக்க வேண்டிய இடத்தில் மணமகளின் தாய்மாமன் பெயரை அடித்துவிட, இரண்டு வீட்டாரும் கடைக்கே வந்துவிட்டார்கள். அது தனிக்கதை. சுனாமி அலை வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம்.

அந்த அலையில் அக்கா வீட்டுக்காரர் ராஜவேலு மாமாவின் தம்பி போய்விட்டார். அதற்குப் பிறகு மாமா கடலுக்குப் போகவில்லை. போகவில்லை என்றால், ஈர மணலில் கால் வைப்பதுகூட இல்லை. நிவாரணமாக அவர் பெயருக்கு வந்த ஃபைபர் போட்டைப் பக்கத்து வீட்டுத் தணிகாசலம்தான் ஓட்டினார். மாமா மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்தார். வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

ஒரு நாள் தணிகாசலம் முழங்காலில் ரத்தத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"மச்சான், போட்டுத் தரை உளுத்துப் போச்சி. காலு உள்ள எறங்கிடுச்சி. வந்த வெலைக்கி வித்துடு."

மாமா சோற்றிலிருந்து கையை எடுக்காமல், "கரையில ஏத்திப் போடு. நானே பாக்குறேன்" என்றார்.

அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் நெஞ்சு எனக்குத் தெரியும். இவர் பழைய மனுஷனாகிக் கடலுக்குப் போக வேண்டும் என்று ஒரு கோயிலிலும், போகவே கூடாது என்று இன்னொரு கோயிலிலும் வேண்டிக்கொண்டிருந்தவள் அவள்.

போட்டைச் சவுக்குத் தோப்புக்குள் இழுத்துப் போட்டார்கள். சவுக்குக்குள் காற்று நுழைந்தால் ஒரு சத்தம் வருமே, யாரோ தூரத்தில் அரிசி புடைப்பது மாதிரி, அது நாள் பூராவும் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கடியில் மாமா தரையின் மேல்தோலை மெஷினால் அறுத்தெடுத்தார். உள்ளே இருந்த பலகை ஊறிப்போய், நனைந்த கேக் மாதிரி கையோடு வந்தது. வழித்து எடுக்க எடுக்க அடியில் தண்ணீர். கறுப்பாக, அசையாமல், எந்த நாளிலோ நுழைந்து வெளியேற வழியில்லாமல் போன தண்ணீர். மாமா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாம அதுங்கிட்ட போவலன்னா, அது நம்ம வூட்டுக்குள்ள வந்து குந்திக்கிச்சி பாரு" என்றார். பிறகு பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்.

சாமான் வாங்கி வருவது என் வேலையானது. சிதம்பரத்தில் கதவும் தொட்டியும் செய்கிற ஒரு ஃபைபர் பட்டறையில் ரெசின் கேனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா அது, தேனா?"

"போட்டுக்கு ஊத்துற பசைண்ணே."

"ஊத்திகிச்சின்னா மொத்த பஸ்ஸும் ஒட்டிக்கினு ஒரே குடும்பமா கடலூர்ல எறங்கணும். மடியில வச்சிக்க."

மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்; மூடியை மீறி அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. வெயில் பட்டுக் கேனுக்குள் அது உண்மையாகவே தேன் போலத்தான் அசைந்தது. பாதி வழியில் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட இருந்து உதவினேன். உதவி என்று சொல்லிக்கொள்கிறேன். அடியில் நன்றாகக் காய்ந்த பிறகு புதுப்பலகை போட்டு, அதன்மேல் கண்ணாடி நூல் பாயை விரித்து, ரெசினைப் பூசி, குமிழி இல்லாமல் பிரஷால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். ரெசினில் இறுகுவதற்கான மருந்தைக் கொஞ்சமாகக் கலக்கச் சொன்னார் மாமா. கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று தாராளமாக ஊற்றினேன். கலக்கிய மக்கு சூடேறிப் புகைய ஆரம்பித்தது. பிரஷ் நட்டுவைத்த கம்பம் போல உள்ளேயே நின்றுவிட்டது.

மாமா மக்கைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"பசையக் கேட்டா பாறாங்கல்லு குடுக்குது இந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர. டீ கொண்டுவந்த அக்கா சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்றோ அவளுக்கு.

தரை முடிந்தது. சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார். மதியங்களில் அந்தப் புதுத்தரையிலேயே படுத்துத் தூங்கினார், மணல்மேல் நின்ற படகில், கடலுக்கு முதுகைக் காட்டி.

தண்ணீரில் இறக்கிய அன்று தணிகாசலம் எஞ்சினை மாட்டினார். மாமா ஆற்றில் இறங்கி, ஏறி, சுக்கானைப் பிடித்தார்.

"நானும் வரேன்" என்றாள் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறியும்விட்டாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும்.

ஆறு கண்ணாடியாகக் கிடந்தது. எஞ்சினை மெதுவாக வைத்து, கரையோரத்துக் கொக்குகள் பறக்காத வேகத்தில் ஓட்டினார். முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு உண்டு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். அங்கே ஒதுக்கி இறங்கினோம். மாமா ஆற்றுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றார். பிறகு சிவப்பு நண்டுகள் சிதறி ஓட, குறுக்கே நடந்து கடல் பக்கம் போனார். அலை வந்து கணுக்காலைத் தொட்டது. நகரவில்லை. தம்பி பெயரை ஒரு தடவை சொன்னார், கூப்பிடுகிற மாதிரி இல்லை, வந்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி. அக்கா போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

திரும்பி வந்ததும் சுக்கானைத் தணிகாசலத்திடம் கொடுத்துவிட்டார். கடலுக்குப் போகவில்லை. அன்றும் இல்லை, பிறகு எப்போதும் இல்லை. ஆனால் உளுத்த தரையோடு வந்த ஊர்ப் போட்டுகளெல்லாம் அவர் கைக்கு வந்தன. ஐஸ் உடைக்கிற வேலை நின்றது. அக்காவிடம் கேட்டேன், உனக்கு வருத்தமா என்று.

"போவலன்னா போவுது. தூக்கத்துல கத்தறது நின்னு போச்சி. எனக்கு அது போதும்."

அந்தப் போட்டு கைமாறி எங்கோ போய்விட்டது. தோப்பு அடுத்து வந்த புயலில் ஒரே இரவில் சாய்ந்தது. முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் கொட்டி, நடுவில் மணலை வாரி ஆழப்படுத்தியிருக்கிறார்கள். பெரிய போட்டுகள் தட்டாமல் போய்வருகின்றன, நல்லதுதான். ஆனால் மாமா நின்ற அந்த மணல் திட்டு எங்கே என்று என் மகள் கேட்டால், நான் தண்ணீரைத்தான் கைகாட்ட வேண்டும்.