பாகூரிலிருந்து பெண் கேட்டுப் போனோம்

என் அண்ணனுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் இருக்கிறது, குடிக்கிற பழக்கம் இல்லை. ஆனாலும் விவசாயம் பார்க்கிறவனுக்கு இந்தக் காலத்தில் யார் பெண் கொடுக்கிறார்கள்? வந்த தரகர்களெல்லாம் எங்கள் வீட்டில் காபி குடித்ததோடு சரி.

அம்மாவுக்குச் சர்க்கரை. வைத்தியம் பார்க்கும் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் காலையில் ஒரு பெண் போன் செய்வாள். மாத்திரை போட்டீர்களா, கால் எரிச்சல் குறைந்ததா என்று அத்தனை பொறுமையாக விசாரிப்பாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அந்த நேரத்தில் அண்ணன் வயலுக்குக் கிளம்பாமல், வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் அம்மா கேட்டேவிட்டாள்.

"உனுக்குக் கல்யாணம் ஆயிடிச்சாம்மா?"

"இன்னும் இல்லைங்கம்மா."

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமையே பூ, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடி, மூன்று பேரும் பஸ் ஏறிவிட்டோம். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான்.

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவள் தட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அம்மா, அது ஆளே இல்லம்மா. கம்ப்யூட்டர் பேசுது. எல்லா பேஷன்டுக்கும் அதான் பேசும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா இருமினால் "ஐயோ, பாத்தும்மா" என்று பதறிய குரல் அது! கல்யாணம் ஆகவில்லை என்று சொல்ல அதற்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தான்? அங்கேயே நின்று கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி வூட்டுக்கு. மானம் போவுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா தட்டை மடியில் வைத்து, துணியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல் போன் அடித்தது. அம்மா தொடவில்லை. "அடிச்சிக்கினு கெடக்கட்டும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் எடுத்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப்போகிறான் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா மாத்திரை போட்டுக்கினாங்க," என்றான். இத்தனை நாளும் அதனிடம் ஒரு வார்த்தை பேசாதவன், கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "நீ சாப்ட்டியா?"



"சாப்பிட்டேன் அண்ணா," என்றது அது.