எட்டுத் தூண் தொட்டியும் பூமாலையும்

எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியைப் பதினோரு வருடமாகத் திறந்து மூடியவள் பூமாலை. சின்னசேலத்துப் பெண். புருஷன் போன பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான். வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டுமே. காலை ஐந்தரைக்கு அவள் தண்ணீர் விடாத நாள் ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்.

போன தை மாதம், தொட்டி சாய்கிறதா என்று பார்க்க தேவிப்ரியா என்ற இன்ஜினியர் பெண் வந்தது. எட்டுத் தூணிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டி, சுற்றிச் சுற்றி நின்று படம் எடுத்துப் போனது. ஒரே பொட்டை நாலைந்து படத்தில் அடையாளம் கண்டு இணைத்தால், அது இருக்கிற இடத்தைக் கம்ப்யூட்டர் துல்லியமாகச் சொல்லிவிடுமாம்.

நாலு நாள் கழித்து லேப்டாப்போடு திரும்பி வந்தது. ஒரு படத்தில் முன்தூணும் பின்தூணும் ஒட்டினாற்போல் விழுந்திருந்தன. இரண்டு பொட்டும் பக்கத்துப் பக்கத்தில். எது எந்தத் தூணுடையது என்று கம்ப்யூட்டருக்கே குழப்பம். தூணில் போய்ப் பார்க்கலாமென்றால், பொட்டையெல்லாம் பிள்ளைகள் உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகின்றன.

"இந்த எடதுபக்கப் பொட்டு பின்தூணோடதுன்னா தொட்டி நேரா இருக்குதுங்க. முன்தூணோடதுன்னா, அந்தத் தூணு ரெண்டு விரக்கடை எறங்கிடுச்சு. தொட்டிய மூடணும்" என்றது அந்தப் பெண்.

பூமாலையின் நாத்தனார் குஞ்சம்மாள் அவள் காதைக் கடித்தாள். "பின்தூணுன்னு சொல்லித் தொலைடி. மூடிட்டா ஒனக்கு இன்னா வேல இருக்குது? நாங்களும் கொடத்தத் தூக்கிக்கினு கெணத்துக்கு ஓடணும்."

பூமாலை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படத்தப் பெருசாக்கும்மா" என்றாள். குனிந்து பார்த்தாள்.

"எடதுபக்கப் பொட்டுக்குக் கீழ தேஞ்ச கோடு தெரியுதா? அது என் எருமக் கயிறு அறுத்த தடம். நான் கட்டறது முன்தூணுல மட்டுந்தான்."

"நல்லா பாத்துதான் சொல்றீங்களா?"

"முன்தூணுதாம்மா. எழுதிக்கோ."

குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எருமய வேற தூணுல கட்டியிருக்கக் கூடாதாடி!"

அந்தப் பெண் இணைத்துப் பார்த்தது. தூண் இறங்கித்தான் இருந்தது.

அன்றைக்கே பூமாலை வால்வைத் திறந்து தொட்டியைக் காலி செய்தாள். தண்ணீர் வடியும்வரை ஒரு பிள்ளையைக்கூடக் கிட்டே விடவில்லை.

நானும் அவளைத் திட்டினேன். குடம் தூக்கும்போது இன்னமும் திட்டுகிறேன். அவள் இப்போது மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போகிறாள். புதுத் தொட்டி கட்டினால் திறக்கிற வேலை பூமாலைக்குத்தான் என்று தெருவே மனு எழுதிக் கொடுத்திருக்கிறது. முதல் கைநாட்டு என்னுடையது. அந்த மனுவை மாற்ற யாராவது வரட்டும், பார்ப்போம்.