மலைக்குப் போகாத பிள்ளை

வீட்டில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். உண்மைதான். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம். ஆனால் அந்த ஐப்பசி மழையில் நான் பட்ட பயம் வேறு வகை. அது என் வாயால் வந்தது.

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு சரிவில், சூரிய மின்சாரப் பண்ணை போட ஒரு கம்பெனி வந்தது. கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேச, சிங்களமும் தெரிந்த ஓர் ஆள் வேண்டுமென்றார்கள். நான் சேர்ந்தேன். நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் மோட்டருக்கு மின்சாரம், பலகைகளுக்கு அடியில் மாட்டுக்குப் புல், ஓரங்களில் நாட்டு மரக்கன்றுகள். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் முதலில் லைட் போட்டார்கள். பகலிலேயே இருட்டாகக் கிடக்கும் அறை அது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை தொடங்குமுன் எஞ்சினியர் என்னிடம் சிங்களத்தில் ஒன்று கேட்டார். அந்தச் சரிவில் மழைத்தண்ணீர் வடிய அந்தக் காலத்தில் வெட்டிய கான்கள் ஏதும் உண்டா என்று. "இல்லை" என்றேன்.

எப்படிச் சொன்னேன்? அம்மாமார் கொழுந்து பறித்த அந்த மலையில் நான் கால் வைத்ததே இல்லை. "நீ மலைப் பக்கமே வராத, படி" என்று சொல்லியே வளர்த்தார்கள். ஹட்டனில் படித்தேன். பிறந்த தோட்டத்தில் எனக்கு நாங்கள் குடியிருக்கும் லயம் தெரியும், கோயில் தெரியும், பஸ் நிற்கும் இடம் தெரியும். தெரியாது என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

சரிவுக்கு நேர் கீழே பணிய லயம். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது. ஊர்க் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து, "மேல மண்ணைக் கிண்டுனா மழைக்கு எங்க தலையில வந்து விழாதா?" என்று கேட்டார்.

"ஒன்னும் ஆகாது பெரியம்மா. நான் சொல்றேன்ல?" என்றேன். எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

மண்ணைச் சமப்படுத்தி, கம்பங்களை நட்டார்கள். பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் லயத்துக்குப் பின்னாலுள்ள கல்கட்டின் இடுக்குகளில் செம்மண் தண்ணீர் கசிந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "கான் தண்ணி எல்லாம் இப்ப எங்க போகுது?" என்றார்.

"எந்தக் கான்?"

"அந்த மலையில மூணு கான் இருக்கே. கொழுந்தெடுக்கையில தாண்டித் தாண்டித்தான போவோம். ஏன், உங்க ஆளுங்களுக்குத் தெரியாதா?"

எஞ்சினியருக்குப் போன் செய்தேன். காலையில் ஆள் அனுப்புகிறேன், அதுவரை சனங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றார். குடையை வீசிவிட்டு மேலே ஏறினேன். சமப்படுத்திய மண் கான்களை மூடிக் கிடந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது. தேங்கிய இடத்துக்குக் கீழே, தரையில் என் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அங்கிருந்து பார்த்தால் எங்கள் கூரைத் தகரம் தெரிந்தது. பாதி தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன்.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க! இப்பவே!" என்று கத்தினேன்.

ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், போனார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் இத்தனை பேர் நம்புகிறார்களே.

அம்மா இடத்தைக் காட்ட, நாலைந்து ஆண்கள் மம்பட்டியோடு ஏறி, ஓரத்திலிருந்து கான்களை வெட்டித் திறந்தார்கள். பொழுது சாயுமுன் தண்ணீர் லயத்தைச் சுற்றிப் போய் ஆற்றில் விழுந்தது. மண் அசையவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "கான் இல்லன்னு சொன்னது நான்தான். யாரையும் கேக்காமலே சொல்லிட்டேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். பெரியம்மா எனக்கும் ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். மழையில் விறைத்த என் கை கோப்பையைப் பிடித்துக்கொள்ளும்வரை அவரும் பிடித்திருந்தார்.

"நாளைக்கு அந்த எஞ்சினியர் வருவாருல்ல?" என்றார். "நீ ஒன்னும் பேசாத புள்ள. நாங்க பேசுறோம். நீ அத அப்படியே சிங்களத்துல சொன்னாப் போதும்."