ஆறாம் தொட்டியில் போட்ட சுண்ணாம்பு

அந்த டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடி துருப்பிடித்த பால்பவுடர் டப்பா. மீன்பண்ணை வேலைக்குப் போன நாளிலிருந்து அதில்தான் சுண்ணாம்பு வைத்திருப்பேன். மேடம் ஒரு காலையில் அதை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மேடம் தூத்துக்குடிப் பக்கம் கல்லூரியில் கடல்மீன் பாடம் எடுத்தவர்கள். படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்க்க ஒரு வருடம் லீவு போட்டு, சொந்த ஊரான மேலகரம் வந்தார்கள். வந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொழுவில் ஆறு கண்ணாடித் தொட்டி வைத்தார்கள். கடல் தண்ணீரைக் கேனில் ஏற்றி வருவதும் தொட்டி கழுவுவதும் என் வேலை. நான் பக்கத்து ஊர், குத்துக்கல்வலசைக்காரன், அதுவரை கெண்டைக்குஞ்சு வளர்த்தவன். டீக்கடைக்காரர் விடமாட்டார். "அருவி கொட்டுத ஊருக்கு உப்புத்தண்ணி சொமக்குதீரே, குளிக்கவா குடிக்கவா?" என்பார்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி. அவற்றின் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்தாம் தொட்டியில் வெறும் கடல் தண்ணீர். ஆறாம் தொட்டிக்கு மட்டும் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாக இறங்கும். புகை கூடக்கூடக் கடலும் புளிக்கிறது, பல வருடம் கழித்து இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்தத் தண்ணீரில் வளர்ந்த குஞ்சு, தின்ன வரும் பெரிய மீனின் வாடை அடித்தாலும் ஓடாது என்று சிலர் எழுதியிருக்கிறார்களாம். அப்படியெல்லாம் இல்லை என்று வேறு சிலர். எது சரி என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், மேடத்துக்கு அது ஒன்றுதான். மூன்று தடவை பொரித்த குஞ்சுகள் செத்தன. நாலாவது தடவைதான் பிழைத்தன. லீவும் முடியப் போகிற நேரம்.

ஆறாம் தொட்டிக் குஞ்சுகள் மந்தமாக நிற்பதாக எனக்குப் பட்டது. உண்மையோ, என் கண்ணோ, தெரியாது. பண்ணையில் தண்ணீர் புளித்தால் யாரையும் கேட்கமாட்டோம். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவைத்து ஊற்றிவிடுவோம். மேடம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சாயங்காலம் நான் அதைத்தான் செய்தேன். வேண்டுமென்றே புளிக்கவைக்கிறார்கள் என்பது தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை மேடம் ஆறாம் தொட்டித் தண்ணீரில் புளிப்பு அளக்கிற மீட்டரை விட்டார்கள். துடைத்து மறுபடியும் விட்டார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். நான் டப்பாவை நீட்டினேன். குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் நீந்தின. சோதனைதான் போயிற்று. திட்டியிருந்தால் தேவலை. தொட்டி விளிம்பில் கையை வைத்தபடி ஒன்றுதான் கேட்டார்கள்.

"பண்ணைக்கு நீங்க போட்டிருவீங்க அண்ணாச்சி. கடலுக்கு யாரு போடுவா?"

அதற்குப் பிறகு அந்த ஜோடி முட்டையிடவில்லை. மேடத்தின் அப்பாவும் காலமானார். தொட்டிகளைக் காயவைத்து நான்தான் வண்டியில் ஏற்றினேன். குஞ்சு ஓடுமா ஓடாதா என்பது அந்தத் தொழுவில் தெரியாமலே போயிற்று.

இப்போது செங்கோட்டை ரோட்டில் ஒரு பண்ணையில் வேலை. மழை பெய்து தண்ணீர் மாறினால் டப்பாவை எடுக்கிறேன். திறப்பதற்கு முன்னால் முதலாளிக்குப் போன் போட்டு, சுண்ணாம்பு போடவா என்று கேட்கிறேன்.

"இத்தன வருசமா பாக்குத வேல, இதையும் கேக்கணுமா வே?" என்கிறார்.

கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.