டிரையர் மேல் வைத்த ரெக்கை

பிளாஸ்டிக் ஒட்டும் பசையின் வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் தலை வலிக்கும், அப்புறம் கோபம் வரும். தொண்டைக்குள் இனித்துக்கொண்டே இறங்கிக் குமட்டுகிற வாசனை அது. போன மாதம் என் பேரன் கொழும்பிலிருந்து துண்டுகளை ஒட்டிச் செய்கிற ஒரு பொம்மை விமானப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் பிரித்தபோது, "வெளியில கொண்டு போய் ஒட்டுடா!" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை பயந்தே போனான். அவன் என்ன செய்வான், பாவம். என் கோபமெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில், மலைநாட்டு வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், டீமேக்கர் ஐயா வீட்டுப் பின்வாசலில் சாக்கு விரித்து என்னை உட்காரவைத்தவர்கள் மேல். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

டீமேக்கர் என்றால் தேயிலைத் தொழிற்சாலைக்கே பொறுப்பானவர். என் அப்பா அவருக்குக் கீழே, தேயிலையைச் சூட்டில் உலர்த்தும் "டிரையர்" என்ற இயந்திரத்தில் வேலை செய்தார்; அம்மா அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தார்; நாங்கள் இருந்தது லயத்தில், தொழிலாளிகளுக்கான வரிசை வீடுகளில். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மகன் படிக்கச் சீமைக்குப் போனபோது பிரிக்காமல் விட்டுப்போன பெரிய பெட்டி ஒன்றைத் துரை டீமேக்கரின் மகனுக்குக் கொடுத்தார். உள்ளே நான்கு எஞ்சின் வைத்த குண்டுபோடும் விமானம், துண்டு துண்டாக. சேர்த்தால் ரெக்கை மட்டுமே என் இரண்டு கை நீளம் வரும். செய்து முடித்ததும் வந்து பார்ப்பதாகத் துரை சொல்லிப்போனதுதான் வினையாகிப்போனது. "சின்னையா" என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிட வேண்டிய அந்தத் தடியன் முதல் நாளே இரண்டு காற்றாடிகளை ஒடித்துவிட்டு, பெட்டியைக் காலால் எத்தினான். அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்த நான் சிதறியதைப் பொறுக்கி, படத்தில் இருந்த எண்ணையும் துண்டில் இருந்த எண்ணையும் பொருத்திப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு எஞ்சினைச் சேர்த்துவிட்டேன். டீமேக்கர் ஐயா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத முழுசா செஞ்சு குடு, அட்டன்ல பெரிய பள்ளிக்கூடத்துக்கு நான் கடுதாசி தர்றேன்," என்றார். "ஆனா நீ செஞ்சேன்னு வெளிய மூச்சு விடக்கூடாது."

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் கொழுந்துக்கூடைதான். அந்த ஒரு கடுதாசிக்காக நான் மூச்சு விடாமல் இருந்தேன். வைகாசி முழுக்கப் பின்வாசல் சாக்கில் குந்தி, ஒவ்வொரு துண்டையும் சட்டத்திலிருந்து பிளேடால் அறுத்து, பிசிறைத் தேய்த்து, உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, பசை பிடிக்கும்வரை கிழிந்த துணியால் கட்டிவைத்தேன். எஞ்சின் புகை படிந்த கறைக்கு, தேயிலைத் தூளைக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவைத்த சாயத்தைத் தொட்டு இழுத்தேன். முதுகிலிருந்து வால் வரை போகிற வானொலிக் கம்பி பெட்டியில் இல்லை. படத்தில் மட்டும் இருந்தது. என் தலையிலிருந்து நீளமான முடி ஒன்றைப் பிடுங்கிக் கட்டினேன். இவ்வளவுக்கும் அந்த வீட்டு அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தது விறகுக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்த்துவைத்த, காது உடைந்த கோப்பையில். மகன் வந்து, "என்னடி லயத்துக்குட்டி, இன்னும் முடியலையா?" என்று பின்னலை இழுத்துவிட்டுப் போவான். சீ, அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

உடம்போடு இன்னும் சேர்க்காத ரெக்கைக்குக் கடைசியாக வெள்ளிச் சாயம் பூசிய அன்று பெருமழை பிடித்தது. வட்டவளை மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், சுவரே வியர்க்கும். நாலு நாளாகியும் சாயம் விரலில் ஒட்டியது. மழைக்காலத்தில் காயாத சட்டை, போர்வை, பிள்ளைத்துணி எல்லாவற்றையும் லயத்துச் சனம் திருட்டுத்தனமாக என் அப்பாவிடம்தான் கொடுத்துவிடும். "டிரையர் மேல போட்டா காயாத சாமானே கிடையாது" என்பது பெரியவர்கள் பேச்சு. அடுத்த நாள் சாயங்காலம் வருவதாகத் துரை சொல்லியனுப்பினார். "காயுற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு நான் லயத்துக்குப் போனேன்.

மறுநாள் காலையில் ராத்திரி வேலை முடிந்து வந்த அப்பா சொன்னார்: "சின்னையா ரெக்கையக் கொண்டாந்து டிரையர் மேல வச்சிருக்காரும்மா. சூடு தாங்காதுங்கன்னேன். ஒன் வேலையப் பாருன்னுட்டாரு."

மழையில் தொழிற்சாலைக்கு ஓடினேன். நெருப்பில் வாட்டிய வாழையிலை மாதிரி இரண்டு ரெக்கையும் தொங்கிக் கிடந்தன. அழுதுகொண்டே ஐயா வீட்டுப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தப் பார்த்து, முடியாமல், அப்படியே உடம்போடு சேர்த்தேன்.

சாயங்காலம் துரை வந்தார். அடுப்படி வாசலில் அம்மாவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன். விமானத்தின் உடம்பைத் தடவிப் பார்த்து, வாலிலிருந்து போன முடியைத் தொட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. யாரு செஞ்சது?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"என் மகனுங்க, தொரை," என்றார் டீமேக்கர் ஐயா.

"ரெக்கை ஏன் இப்புடி?"

"அது ஒரு லயத்துப் புள்ள பண்ணின வேலைங்க. டிரையர்ல வச்சுக் கெடுத்துட்டா. இவுங்களுக்கு எல்லாத்தையும் அங்க காயப்போட்டுத்தான் பழக்கம்." ஐயா உடனே ஆளனுப்பி என் அப்பாவைக் கூப்பிட்டார். தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா வந்து நின்றார். "யாருடா வச்சது?"

அப்பா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன்.

"என் மகதாங்க. புத்தியில்லாம வச்சிருச்சுங்க."

துரை முன்னால் விமானத்தோடு சேர்த்து என்னைப் பற்றிப் பேசியது அந்த ஒரே தடவைதான், அதுவும் கெடுத்தவள் என்று. கடுதாசி வரவில்லை. அடுத்த கிழமையே "அரைப்பேர்" என்று, அதாவது பாதிக் கூலிக்காரியாக, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் என்னைப் பதிந்து, கூடையை மாட்டிவிட்டார்கள். "வேலை போனா காம்பராவும் போயிருமேம்மா, எங்க போய் நிக்கிறது?" என்றார் அப்பா, லயத்தில் எங்களுக்கு விட்டிருந்த ஒற்றை அறையைச் சொல்லி. அவர் சொன்னது உண்மைதான். அது உண்மை என்பதால் என் ஆத்திரம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. டீமேக்கரை வெறுத்ததைவிட அவரை அதிகம் வெறுத்தேன். முப்பது வயதுக்கு மேல் நானாகப் படித்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சரானேன். அதற்கு எந்த ஐயாவின் கடுதாசியும் தேவைப்படவில்லை.

வயதான பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. வட்டவளைத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து, "எம் மக சின்ன வயசுல பிளேன் செஞ்சவ, தொரையே பாத்து அசந்துட்டாரு" என்று சொல்வார். ஒருநாள் என் முன்னாலேயே சொன்னார். "அன்னைக்குச் சொல்லியிருக்கணும்ப்பா," என்றேன், கடையே திரும்பிப் பார்க்க. அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

இப்போது அந்தத் தொழிற்சாலைக்குக் கூரை இல்லை. டிரையரைப் பழைய இரும்புக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான், ஐயா வீட்டுப் பின்வாசலில் புல் முளைத்திருக்கிறது, விமானம் எந்தக் குப்பைக்குப் போனதோ தெரியாது. வைத்தவனைப் பார்த்த ஒரே ஒருவர் என் அப்பா, அவரும் மண்ணுக்குள். அதனால் நானே எழுதிவைக்கிறேன்: அந்த ரெக்கையை டிரையர் மேல் வைத்தது நான் இல்லை.